ஹெச்சிஜி பீட்டா ஆன்டிபாடியை எப்படித் தேர்வு செய்வது?

நஞ்சுக்கொடித் திசுவில் ஹெச்சிஜி என்ற கர்ப்பகால ஹார்மோனைக் காட்ட வேண்டும், கேட்டலாக்கில் அதன் இரு துணையலகுகளான ஆல்ஃபா, பீட்டா, பிறகு முழு ஹார்மோன் என்று வரிசையாக ஆன்டிபாடிகள் (குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டும் புரதங்கள்) இருக்கின்றன, எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பீட்டாவை வாங்குங்கள். அதிலும், புரதத்தின் எந்தத் துண்டை விலங்குக்குச் செலுத்தி அதை உருவாக்கினார்கள் என்று டேட்டாஷீட்டில் தேடிப் பாருங்கள். விலையெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஹெச்சிஜி, பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்களான எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், டிஎஸ்ஹெச் ஆகிய நான்குக்கும் ஆல்ஃபா துணையலகு ஒன்றேதான். 92 அமினோ அமிலங்கள். அதைப் பிடிக்கிற ஆன்டிபாடி நான்கில் எது இருந்தாலும் ஒட்டிக்கொள்ளும். வித்தியாசம் பீட்டாவில்தான் இருக்கிறது. ஆனால் எல்ஹெச் பீட்டாவும் ஹெச்சிஜி பீட்டாவும் பெரும்பகுதி ஒரே மாதிரி இருப்பதால், பீட்டா என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. எல்ஹெச் பீட்டா 121 அமினோ அமிலங்களோடு முடிந்துவிடும், ஹெச்சிஜி பீட்டா 145 வரை நீளும். அந்த வால் பகுதி எல்ஹெச்சில் கிடையவே கிடையாது. 1972இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வைட்டுகைடிஸ், பிரான்ஸ்டைன், ராஸ் மூவரும் பீட்டாவுக்கு எதிரான சீரத்தை வைத்து, எல்ஹெச் கலந்திருக்கும்போதே ஹெச்சிஜியைத் தனியாக அளந்து காட்டினார்கள். இன்றைய கர்ப்பப் பரிசோதனைகளுக்கு வழி திறந்த வேலை அது. எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு.

அடுத்து, என்ன சோதனை செய்யப் போகிறீர்கள்? ஹெச்சிஜி பீட்டாவில் அதன் மடிந்த வடிவத்தைப் பிடித்து வைக்கும் ஆறு டைசல்ஃபைடு பிணைப்புகள் உண்டு. அந்த வடிவத்தை மட்டும் அடையாளம் காணும் மோனோகுளோனல் (ஒரே வகை ஆன்டிபாடி), புரதத்தை மடிந்தபடியே அளக்கும் எலைசா சோதனையில் அருமையாக வேலை செய்யும். புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் கோடாக (பேண்ட்) காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டுக்கு, அந்தப் பிணைப்புகளை உடைக்கும் மெர்காப்டோஎத்தனால் சேர்த்துக் கொதிக்க வைத்தால் அந்த வடிவமே போய்விடும், பேண்டும் வராது. வால் பகுதிக்கு எதிரான ஆன்டிபாடிக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அந்த வாலில் நான்கு செரின்களில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது. சர்க்கரையில்லாத செயற்கைப் பெப்டைடை வைத்து உருவாக்கியதென்றால் உண்மையான புரதத்தில் ஒட்டுகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். சர்க்கரையால் பேண்டும் கோடு மாதிரி வராமல் அகலமாகப் படர்ந்து வரும். பயப்படாதீர்கள், பிஎன்ஜிஏஸ் எஃப் (அஸ்பராஜினில் ஒட்டிய சர்க்கரையை வெட்டும் நொதி, வாலின் செரின் சர்க்கரையை வெட்டாது) போட்டுப் பாருங்கள், ஓரளவு கீழே இறங்கும்.

கன்ட்ரோல் இல்லாமல் எந்த பேண்டையும் நம்ப வேண்டாம். ஹெச்சிஜி சுரக்கும் ஜெக்-3 என்ற புற்றுநோய் செல் வளர்த்த மீடியத்தை பாசிட்டிவாக வையுங்கள், பக்கத்து லேனில் சுத்திகரித்த எல்ஹெச். அங்கேயும் பேண்ட் வந்தால் அந்த ஆன்டிபாடி உங்களுக்கு உதவாது. திசு ஸ்லைடுக்கு முதல் மூன்று மாத நஞ்சுக்கொடி கிடைத்தால் நல்லது. ஹெச்சிஜி உச்சத்தில் இருப்பது 8 முதல் 10 வாரம். பிரசவ நேரத்து நஞ்சுக்கொடியில் நிறம் மங்கலாக வந்தால் ஆன்டிபாடியைக் குறை சொல்லிவிடாதீர்கள்.

ஒரு சின்னக் குப்பியே மாணவரின் ஒரு மாத உதவித்தொகையை விழுங்கிவிடும். ஆர்டர் போடும் முன் கம்பெனிக்கு மெயில் அனுப்பி, எல்ஹெச்சோடு ஒட்டுகிறதா என்று சோதித்த படத்தைக் கேளுங்கள். பாலிகுளோனல் (பல ஆன்டிபாடிகளின் கலவை, தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்) என்றால் லாட் எண்ணையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.