கட்சி பணம் கொடுத்தால் வலைப்பதிவர் சொல்லியாக வேண்டுமா?

கேள்வி அமெரிக்காவைப் பற்றியது. கூட்டாட்சித் தேர்தல் விதிப்படி பதிவர் வாசகரிடம் சொல்லக் கட்டாயமில்லை. 2006-இல் தேர்தல் ஆணையம் வகுத்தபடி, சம்பளமில்லாமல் ஆதரித்து எழுதுவது நன்கொடைக் கணக்கில் வராது. பணம் கொடுத்திருந்தால் அதைப் பிரச்சாரக் குழுதான் தன் செலவுக் கணக்கில் காட்ட வேண்டும். விதியில் உள்ள ஓட்டை அங்கேதான்: ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்; இடையில் ஒரு நிறுவனம் இருந்தால் பதிவர் பெயரே வராது.

2003-இல், அதிபர் வேட்பாளராக முயன்ற ஹோவர்ட் டீனின் பிரச்சாரக் குழு ஆலோசகராக அமர்த்திய, ‘டெய்லி காஸ்’ என்ற அரசியல் வலைப்பதிவை நடத்தியவர் அதைத் தன் தளத்திலேயே அறிவித்திருந்தார். அப்படியும் பணம் வாங்கியது பற்றிப் பேச்சு வரத்தான் செய்தது.

வேலைக்கே எடுத்தால் பழைய பதிவுகளும் கூடவே வந்து சேரும். 2007 பிப்ரவரியில், அதிபர் வேட்பாளராக முயன்ற ஜான் எட்வர்ட்ஸின் பிரச்சாரக் குழுவில் சேர்ந்த பதிவர்கள் இருவர், கத்தோலிக்கரைச் சீண்டிய பழைய எழுத்து கிளறப்பட்டதும் சில நாள்களில் விலகினார்கள்.