கேன்வாஸில் வண்ணத்தை ஊற்றியதற்கா அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கென்தாலரைக் கொண்டாடுகிறார்கள்?

ஊற்றியதற்காக மட்டும் அல்ல. எதன்மேல் ஊற்றினார் என்பதுதான் விஷயம். வழக்கமாக கேன்வாஸுக்கு முதலில் ஒரு பூச்சு கொடுப்பார்கள். வண்ணம் அதன் மேலேயே நின்றுவிடும். 1928-இல் நியூயார்க்கில் பிறந்த ஹெலன் அந்தப் பூச்சையே விட்டுவிட்டார். வெறும் துணியைத் தரையில் விரித்து, டர்பென்டைன் விட்டு நீர்க்கக் கரைத்த எண்ணெய் வண்ணத்தை ஊற்றினார். வெள்ளை வேட்டியில் காபி சிந்தினால் எப்படி ஊறிப் பரவும்? அப்படித்தான். வண்ணம் துணிக்குள்ளேயே இறங்கிவிட்டது.

1952-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்கரைக்குப் போய்வந்த பிறகு இப்படி வரைந்ததுதான் ‘மலைகளும் கடலும்’. ஏறக்குறைய 7 அடிக்கு 10 அடி. அப்போது அவருக்கு வயது 23! அடுத்த ஆண்டு ஓவியர்கள் மோரிஸ் லூயிஸும் கென்னத் நோலண்டும் அவருடைய ஸ்டூடியோவில் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் பாணியையே மாற்றிக்கொண்டார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பூச்சில்லாத துணியை எண்ணெய் நாளடைவில் அரித்துவிடும். அறுபதுகளில் அவர் எண்ணெய் இல்லாத அக்ரிலிக் வண்ணத்துக்கு மாறினார். அதில் வண்ணத்தைச் சுற்றி எண்ணெய் கசிந்த வளையம் வராது. எனக்கென்னவோ அந்த வளையம் தெரிகிற பழைய படங்கள்தான் பிடிக்கும்.