பேன் பாக்குற அம்மாவும் வாசலப் பாக்குற நாயும்

கேள்வி: ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்துல இருக்கிற, டச்சு ஓவியர் பீட்டர் டி ஹோக்கோட 'தாயின் கடமை' ஓவியத்த நெட்ல பாத்தேன். பிள்ளைய மடியில சாய்ச்சு வச்சு ஒரு அம்மா பேன் பாக்குறாங்க, அவ்ளோதான். இதுக்குள்ள பெருசா அர்த்தம் இருக்குங்கிறாங்களே, எனக்கு ஒண்ணும் தெரியலையே?

பதில்: நீங்க பாத்தது சரிதாங்க, பேன்தான் பாக்குறாங்க, அத விட்டுட்டு வேற எங்கயும் போக வேண்டாம். 1660-ஐ ஒட்டி வரைஞ்ச படம் இது. அப்போ டச்சுக்காரங்க வீட்டுக்குள்ள நடக்குற சாதாரண வேலைகள வரைஞ்ச படங்கள விரும்பி வாங்கி மாட்டுனாங்க. 1614ல ரூமர் விஸ்ஸர்னு ஒருத்தர் போட்ட சின்னங்கள் புத்தகத்துல (ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நீதி வரி சேத்துப் போடுற புத்தகம்) சீப்புப் படத்துக்கு 'சுத்தமும் பண்ணும், அழகும் பண்ணும்'னு அர்த்தம் வர்ற வரி இருக்கு, அத வச்சு தலைய சுத்தம் பண்றதுன்னா மனச சுத்தம் பண்றது, நல்லபடி வளக்குறதுன்னு சிலர் விளக்கம் சொல்றாங்க. இருக்கலாம். ஆனா அதோட நிறுத்திட்டா பாதிப் படம் கண்ணுல படாமலே போயிடும்.

பிள்ளையோட மூஞ்சியப் பாருங்க, மடியில புதைஞ்சு கிடக்கு. பேன் பாக்க தலைய குடுத்த யாருக்கும் தெரியும், கழுத்து வலிக்கும், எதையும் பாக்க முடியாது, முடிக்குள்ள ஊருற விரல் மட்டும்தான் தெரியும், இன்னும் முடியலையான்னு நாலு தடவ கேக்கத் தோணும். அந்த அவசரத்த வரைய மூஞ்சி இல்ல, ஓவியர் என்ன பண்ணிருக்காரு? நமக்கு முதுகக் காட்டி ஒரு குட்டி நாய உக்கார வச்சிருக்காரு, அது வெயில் அடிக்கிற பின் ரூம் பக்கமா பாத்துட்டு இருக்கு. எனக்கு அந்த நாய்தான் அந்தப் பிள்ளையோட மனசு. இவங்க இருக்கிற பக்கம், சுவத்துக்குள்ள பதிச்ச கட்டில் பக்கம், நிழல். வெளிச்சமெல்லாம் அங்க.

வலது ஓரத்துல சின்னக் குழந்தைங்கள ஆய் போக உக்கார வைக்கிற ஓட்டை போட்ட நாற்காலி ஒண்ணு இருக்கும், கவனிச்சீங்களா? அது காலியா இருக்கு. இந்தப் பிள்ளைக்கே அது கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் தேவைப்பட்டிருக்கும், இல்லன்னா வீட்டுல இன்னொரு சின்னது இருக்கும்.

ஒரிஜினல் சின்னதுதாங்க, ரெண்டு அடி அகலம்தான். போன்ல பாக்குறப்ப விரலால பெருசாக்கி அந்த அம்மாவோட கைய பாருங்க, அவங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல.