எருது, கலப்பை, 'அதற்குள்': வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இடைக்கால ஜெர்மன் வாள்வித்தையில் வாளேந்தி நிற்கும் நிலைகளுக்கு எருது, கலப்பை, மூடன் என்றெல்லாம் பெயர்கள் உள்ளனவாமே! போர்க்கலைக்கு இப்படிப்பட்ட பெயர்கள் ஏன்? அந்நூல்களில் அடிக்கடி வரும் 'இண்டெஸ்' என்ற சொல்லை 'உடனடியாக' என்று மொழிபெயர்க்கலாமா?

பதில்: 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் ஜெர்மன் வாள்வித்தை ஆசான் யோஹான்னஸ் லீஷ்டெனாவரின் பாடம், சூத்திரம் போன்ற சுருக்கமான செய்யுளாகவே கிடைத்துள்ளது. கலை, கண்டவர் கைக்கும் போய்விடக் கூடாது என்பதற்காகவே அவர் அதை மறைபொருளாக யாத்தார் என்று, 15ஆம் நூற்றாண்டில் அதற்கு எழுந்த உரைகள் சொல்கின்றன. ஆனால் பெயர்கள் மட்டும் மாணவனின் நினைவில் சட்டென்று பதியும்படி கண்முன் கிடந்த பொருள்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பிடியைத் தலைக்கருகே உயர்த்தி, முனையை எதிரியின் முகத்துக்கு நேராக நீட்டினால் வாள் கொம்பாகிவிடுகிறது. அது 'ஓக்ஸ்', அதாவது எருது. பிடியை இடுப்போரம் தாழ்த்தி முனையை மேல்நோக்கிச் சாய்ப்பது 'ஃப்ளூக்', கலப்பை. முனையைத் தரையை நோக்கித் தாழ்த்தி, காப்பே இல்லாதவன்போல் நிற்பது 'ஆல்பர்', மூடன். அந்தத் தோற்றத்தை நம்பி நெருங்கி வருபவனுக்கு அது பொறி. தோளுக்கோ தலைக்கோ மேலே வாளை ஓங்கி நிற்கும் நான்காம் நிலையான 'ஃபொம் டாக்' என்பதற்குப் 'பகலிலிருந்து' என்பது நேர்ப்பொருள். 'கூரையிலிருந்து' என்று கொள்வாரும் உண்டு.

'இண்டெஸ்' என்பதை 'உடனடியாக' என்று பெயர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. முந்திக்கொண்டு தாக்குவது 'ஃபோர்', முன். எதிரியின் தாக்குதலுக்குப் பின் மறுவினை செய்வது 'நாக்', பின். இவ்விரண்டையும் கலைக்கெல்லாம் ஊற்று என்று கூறும் செய்யுள், அடுத்து வாளின் வலுவையும் மென்மையையும் சொல்லி, 'இண்டெஸ்' என்ற சொல்லை உன்னிப்பாகக் கவனிக்கச் சொல்கிறது. இரு வாள்களும் ஒன்றோடொன்று அழுந்தி நிற்கையில், எதிரி அழுத்துகிறானா தளர்கிறானா என்பதை அலகின் வழியே உணர்ந்து, அவன் அடுத்ததைத் தொடங்குமுன் செயல்படுவதே அதன் கருத்து. தளர்ந்தால் நேரே குத்த வேண்டும்; அழுத்தினால் அந்த விசைக்கு வழிவிட்டு மறுபுறம் வெட்ட வேண்டும். சொல்லைப் பிரித்தால் 'அதற்கு உள்ளே' என்றே வருவதால், நம் 'அதற்குள்' இதற்கு மிக அருகில் நிற்கிறது. 'உடனடியாக' என்பதில் வேகம் இருக்கிறது, உணர்தல் இல்லை.

கேள்வி: சினவெட்டு என்னும் 'த்ஸோர்ன்ஹவ்' ஐந்து தலையாய வெட்டுகளுள் ஒன்று. அதையே உரைகள் 'மோசமான குடியானவன் அடி' என்று இழிப்பது ஏன்?

பதில்: இழிக்கவில்லை. இன்று 'மோசமான' என்று பொருள்படும் 'ஷ்லெக்ட்' என்ற சொல்லுக்கு அக்காலத்தில் 'எளிய, நேரான' என்பதே பொருள். பயிற்சியில்லாத குடியானவனும் சினம் கொண்டால் தோளிலிருந்து சாய்வாக ஓங்கி வீசும் வெட்டுதான் அது. அதைத் தொடர்ந்து முனையால் குத்த அறிந்தவன், மேலிருந்து வரும் வெட்டுகளையெல்லாம் முறியடிப்பான் என்பதே உரைகாரர்களின் கூற்று.