வீட்டாருடன் சேர்ந்து சாப்பிட முடியவில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டு நான் வீகனாகிச் சில வருடங்கள் ஆகின்றன. பண்ணைகளில் விலங்குகள் படும் பாடு தெரிந்த பிறகு அவற்றைத் தட்டில் பார்க்க மனம் ஒப்பவில்லை. சாப்பிட உட்கார்ந்தாலே அண்ணன், "செடிக்கும் உயிர் இருக்கே, அதுக்கு வலிக்காதா?" என்று ஆரம்பித்துவிடுகிறான். அம்மா சமைத்ததைத் தொடாமல் எழுந்தால் அவர் முகம் வாடிவிடுகிறது. என்னைப் பாசமாக வளர்த்தவர்கள்தான். ஆனால் அவர்கள் இறைச்சி சாப்பிடுவதைப் பார்த்தால் இப்போது வெறுப்பு வருகிறது. அந்த வெறுப்பை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. நான் மாற வேண்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

விலங்கின் வலி உங்களை வருத்துவதில் எந்தக் கோளாறும் இல்லை. உங்கள் பக்கம் வலுவான நியாயம் இருப்பதாகவே நானும் நினைக்கிறேன். வெறுப்பைப் பற்றி மட்டும் பேசுவோம்.

விலங்குகளிடம் அன்பு காட்டும் மனிதர்களே அவற்றை உண்கிறார்களே, எப்படி? 2010இல் வெளியான ஓர் ஆய்வில் சிலருக்கு உலர்ந்த மாட்டிறைச்சியும் மற்றவர்களுக்கு முந்திரியும் கொடுத்தார்கள். இறைச்சி சாப்பிட்டவர்கள், விலங்குகள் மீது அக்கறை காட்ட வேண்டிய தேவையைக் குறைத்து மதிப்பிட்டார்கள். உறுத்தல் வராமல் மனம் போட்டுக்கொள்ளும் திரை அது. உங்கள் வீட்டாரும் அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கலாம். அதை வைத்து அவர்களுக்கு இரக்கமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

அண்ணனின் கிண்டலும் இதோடு சேர்ந்ததுதான். 2012இல் வந்த இன்னொரு ஆய்வில், சைவம் உண்பவர்கள் தங்களை எப்படி எடைபோடுவார்கள் என்று முதலில் யோசிக்க வைக்கப்பட்ட அசைவர்கள், அவர்களை இன்னும் மோசமாக மதிப்பிட்டார்கள். நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் உங்கள் தட்டு தன்னைக் குற்றம் சொல்வதாக அவருக்குத் தோன்றலாம். செடிகளுக்கு நரம்பு மண்டலம் இல்லை, விலங்குகளை வளர்க்கத்தான் இன்னும் அதிகச் செடிகள் தீவனமாகின்றன என்பதை ஒருமுறை நிதானமாகச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். அப்புறமும் தொடர்ந்தால், "அண்ணா, இது எனக்கு வலிக்குது" என்று மட்டும் சொல்லுங்கள்.

அம்மா விஷயத்தில் விவாதமே வேண்டாம். அவருடைய அன்பையே நீங்கள் ஒதுக்குவதாக அவர் நினைக்கக்கூடும். இருவரும் சாப்பிடக்கூடிய ஒன்றை அவரோடு சேர்ந்து சமையுங்கள். கறி பரிமாறும்போது பக்கத்தில் இருக்க முடியவில்லை என்றால், அதையும் கோபமில்லாமல் சொல்லி எழுந்துகொள்ளலாம்.

வைட்டமின் பி12 எடுத்துக்கொள்கிறீர்களா? தாவர உணவை மட்டும் உண்டால் அது போதிய அளவு கிடைக்காது. குறைந்தால் களைப்போடு எரிச்சலும் மனச்சோர்வும் வரலாம். மருத்துவரிடம் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதன் பிறகும் வெறுப்பு தணியாமல் தூக்கத்தைக் கெடுத்தால், ஓர் ஆலோசகரை நேரில் பாருங்கள்.