பழைய அம்பாசடரின் பின்பக்கம் 'டொக்' என்று சத்தம் வருவது ஏன்?

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலை வளைவுகளில் மட்டும் 'டொக்' என்கிறது, நேர்ரோட்டில் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் என் முதல் சந்தேகம் ஷாக்கிள் புஷ், அதாவது ஷாக்கிளில் இருக்கும் ரப்பர் உறை மீதுதான். அம்பாசடருக்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங், அதாவது அடுக்கி வைத்த வளைந்த இரும்புப் பட்டைகள். பாரம் ஏறிப் பட்டை நிமிர்ந்தால் அதன் நீளம் கூடும். அந்த அசைவை வாங்கிக்கொள்வது ஷாக்கிள், பட்டையின் முனையை வண்டியோடு இணைக்கும் ஆடும் இணைப்பு. அங்கே ரப்பர் தேய்ந்தால் இரும்போடு இரும்பு இடிக்கும்.

முன்சக்கரத்துக்குக் கட்டை போட்டு, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, லிவரால் ஷாக்கிளை நெம்புங்கள். ஆட்டம் இருந்தால் புஷ் மாற்றணும், இரண்டு பக்கமும் சேர்த்தே.

மழைக்காலம் முடிந்து 'கீச்' என்றால் பட்டைகளுக்கிடையே துரு; பயமில்லை.

ஆனால் ஆக்சிலை (பின்சக்கர அச்சை) பட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் நட்டைக் கட்டாயம் பாருங்கள். அது தளர்ந்தால் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் ஒடியும், ஆக்சில் இடம் மாறும். அப்படி இருந்தால் தயவுசெய்து மலையில் ஓட்டாதீர்கள்.