தினமும் ஆபீசுக்கு போக எந்த சைக்கிள் வாங்கலாம், சென்னை ரோட்டுல அது சேஃபா?

கேள்வி கேட்டவர் மேடவாக்கத்துல இருந்து தரமணிக்கு தினமும் ஒரு ஒம்பது கிலோமீட்டர் போகணுமாம், பட்ஜெட் 15,000 ரூபா, முன்னாடி ஷாக், டிஸ்க் பிரேக், 21 கியர் எல்லாம் இருக்கிற எம்டிபி, அதாவது மவுண்டன் பைக் ஒண்ணு பாத்து வச்சிருக்காராம், வீட்ல வேணவே வேணாம்னு பயப்படுறாங்களாம். நான் தென்சென்னையில ரொம்ப வருஷமா வேலைக்கு சைக்கிள்ல தான் போய்ட்டு வரேன், அதனால எனக்கு தெரிஞ்சதை கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல் விஷயம், அந்த எம்டிபி வேணாம்ங்க. ஒருநாள் காலைல ஆறு ஆறரைக்கு வேளச்சேரி மெயின் ரோட்டுல நின்னு பாருங்க, நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு போற செக்யூரிட்டி அண்ணன், கட்டட வேலைக்கு கிளம்புற வடமாநில பசங்க, கேன்ல டீ விக்கிறவரு, கேரியர்ல கீரைக்கட்டு அடுக்கிட்டு போறவரு, இவங்க எல்லாரும் தினமும் மழை வெயில் பாக்காம சைக்கிள்ல தான் போறாங்க. அவங்க சைக்கிளை நல்லா கவனிங்க. மட்கார்டு இருக்கும், கேரியர் இருக்கும், ஸ்டாண்டு, செயின் கவர், பெல்லு இருக்கும். அதுல எதுவுமே அலங்காரத்துக்கு இல்ல, தினமும் ஓட்டுறவனுக்கு தேவைன்னு பல வருஷமா நிரூபிச்ச சாமான். கடையில பளபளன்னு நிக்கிற எம்டிபில இதுல முக்கால்வாசி இருக்காது, மொத மழைக்கே பின்சக்கரம் சேத்தை வாரி முதுகுல கோடு போட்டுடும், அப்புறம் அந்த சட்டையோட எப்படி ஆபீஸ்ல உக்காருவீங்க.

ஷாக்கை பத்தி சொல்லணும். உங்க பட்ஜெட்டுல வர்ற ஷாக் உள்ள வெறும் ஸ்பிரிங் தான், வெயிட்டு கூடும், எந்திரிச்சு நின்னு மிதிச்சா மேலயும் கீழயும் ஆடி உங்க மிதியோட பலத்துல பாதியை அதுவே தின்னுட்ட மாதிரி இருக்கும், ரெண்டு மழைக்காலம் போனா துரு புடிச்சு இறுகிடும். நம்ம ரோட்டு குண்டுகுழிக்கு தேவை கொஞ்சம் அகலமான டயர். 700ன்னு போட்டிருக்கிற சக்கர சைஸ்ல 35ல இருந்து 40 மில்லிமீட்டர் அகலம் வரைக்கும், பட்டன் பட்டனா முள்ளு இல்லாம வழுவழுன்னு இருக்கிறதா பாருங்க, முள்ளு டயர் தார் ரோட்டுல கர்ருன்னு சத்தம் போட்டுட்டு இழுக்கும். டயர் பக்கவாட்டுல எவ்வளவு காத்து அடிக்கலாம்னு பிஎஸ்ஐங்கிற காத்தழுத்த கணக்குல போட்டிருப்பான், அந்த அளவுக்குள்ள வாரம் ஒருதடவை அடிச்சுடுங்க, வீட்லயே ஒரு நின்னு அடிக்கிற பம்பு வாங்கி வச்சிக்கிட்டா நல்லது. பஞ்சர் ஆகிறதுல ஒரு பெரிய பங்கு காத்து கம்மியா ஓட்டுறதால தான், குழியில இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல நசுங்கி ரெண்டு ஓட்டை விழும்.

கியர்: நம்மூரு தட்டையான ஊரு. உங்க வழியில ஏத்தம்னா ஃப்ளைஓவர் மட்டும் தான், அது தவிர பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கம் ரெண்டு பக்கமும் திறந்துகிடக்கிறதால சாயந்தரம் கடல்காத்து நல்லா தள்ளும். ஒத்தை கியர்லயே போயிடலாம், வேணும்னா பின்னாடி மட்டும் ஏழு கியர் இருக்கிறதா எடுங்க. முன்னாடி மூணு பல்சக்கரம் வச்சு 21ன்னு விக்கிறதுல பாதி கியர் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போறது தான், ட்யூனிங் வேலை மட்டும் கூடும். பிரேக்குக்கு டிஸ்க் கட்டாயம்னு நான் சொல்லமாட்டேன், ரிம்மை புடிக்கிற வி பிரேக் கட்டை எந்த தெருமுனை கடையிலயும் கிடைக்கும், மழையில மட்டும் புடிக்க நேரம் எடுக்கும், கொஞ்சம் முன்னாடியே அமுக்க ஆரம்பிச்சிடணும். 1949லயே அம்பத்தூர்ல டிஐ சைக்கிள்ஸ்ங்கிற சைக்கிள் கம்பெனி ஆரம்பிச்ச ஊரு இது, பாரிமுனை ரத்தன் பஜார் பக்கம் போனா கடை கடையா சைக்கிள் சாமான் தொங்கும், அதனால சாதா சைக்கிள் வாங்கினா பார்ட்ஸுக்காக கொரியருக்கு காத்துக்கிட்டு இருக்க வேண்டியதில்ல. வீல்ல பெண்டு எடுக்க தெரிஞ்ச ஒரு மெக்கானிக் அண்ணனை வீட்டுக்கு பக்கத்துல கண்டுபிடிச்சு வச்சிக்கங்க, அவரு தான் முக்கியம்.

ஆக சைக்கிளுக்கு 10,000, 11,000க்குள்ள முடிச்சுட்டு மீதியை லைட்டுல போடுங்க. முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்பு, யுஎஸ்பில சார்ஜ் போடுறது, சிவப்பு லைட்டை பகல்லயும் எரியவிடுங்க. அடுத்து பூட்டு, கம்பி மாதிரி மெல்லிசா இருக்கிறதை ஒரு கட்டிங் பிளையர் வச்சு நறுக்கிடுவான், யூ வடிவ பூட்டு வாங்கி ஃப்ரேமை தூணோட சேத்து பூட்டணும். ஹெல்மெட் சைக்கிளுக்கு சட்டப்படி கட்டாயம் இல்ல, ஆனா போடுங்க, மணல்ல வழுக்கி விழுந்தா மண்டை தப்பிக்கும். ஒருதடவை நல்லா அடிபட்ட ஹெல்மெட்டை தூக்கி போட்டுடணும், உள்ள இருக்கிற தெர்மாகோல் நசுங்கிட்டா அடுத்த அடியை தாங்காது. சீட்டு உயரத்தை கடைக்காரர் வச்சது போதும்னு விட்டுடாதீங்க, பெடல் கீழ இருக்கும்போது குதிகால் வச்சா கால் நேரா நீளணும், அப்புறம் முன்பாதத்தால மிதிச்சா முட்டி லேசா மடங்கி சரியா இருக்கும். நிறைய பேர் முட்டி வலின்னு சைக்கிளை விட்டதுக்கு சீட்டை தாழ்வா வச்சது தான் காரணம். பேகை முதுகுல மாட்டாம கேரியர்ல கட்டுங்க, வேர்வை பாதி குறையும், ஒரு சட்டையும் துண்டும் ஆபீஸ்லயே இருக்கட்டும்.

இப்ப வீட்ல பயப்படுற விஷயம். பயம் நியாயமானது தான், அதை சும்மா தைரியம் சொல்லி தள்ளிவிட எனக்கு மனசு வரலை. ரோட்டோட இடது ஓரத்துல ஒட்டி போனா தான் பாதுகாப்புன்னு நாம நினைக்கிறோம், அந்த ஓரத்துல தான் மணல், உடைஞ்ச பாட்டில், மழைநீர் வடிகால் கம்பி, ராங் சைடுல எதுக்க வர்ற பைக்கு, நிறுத்தி வச்ச கார்ல இருந்து திடீர்னு திறக்குற கதவு எல்லாமே இருக்கு. நிக்கிற கார்ல இருந்து ஒரு மீட்டராவது தள்ளி, வளையாம நேர்கோட்டுல போங்க, பின்னாடி வர்றவனுக்கு நீங்க எங்க போவீங்கன்னு தெரியணும். காருக்கு காரு நடுவுல உள்ள பூந்து வெளிய வர்றது தான் ஆபத்து. பஸ்ஸு ஸ்டாப்புல ஒதுங்கும்போது பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல நுழையவே நுழையாதீங்க. சிக்னல்ல லாரியோட இடதுபக்கம் நிக்காதீங்க, உசரத்துல உக்காந்திருக்கிற டிரைவருக்கு அந்த இடம் தெரியாது, அவரு இடது திரும்பினா பின்சக்கரம் உள்வாங்கி ஓரத்துல இருக்கிறவனை இழுத்துடும். அவர் முகம் உங்களுக்கு கண்ணாடியில தெரியலன்னா நீங்களும் அவருக்கு தெரியலைன்னு அர்த்தம். ஃப்ளைஓவர் மேல ஏறாம கீழ சர்வீஸ் ரோட்டுலயே போங்க, ரெண்டு நிமிஷம் கூட ஆகும், ஆகட்டும். ஐப்பசி கார்த்திகை மழையில தண்ணி நிக்கிற தெருவுல இறங்கி உருட்டிட்டு போறதும் வேணாம், மூடி இல்லாத மேன்ஹோல் எங்கன்னு யாருக்கும் தெரியாது, அன்னிக்கு பஸ் புடிங்க.

இவ்வளவு ஜாக்கிரதையும் சைக்கிள்காரன் தலையிலயே கட்டுறது சரியில்லன்னு நான் நினைக்கிறேன், அதையும் சொல்லாம இந்த பதிலை முடிக்க முடியல. 60 கிலோமீட்டர் வேகத்துல வர்ற கார் மோதினா அதோட சக்தி 30ல வர்றதை விட நாலு மடங்கு, என் ஹெல்மெட்டு அதுக்கு என்ன பண்ணும். நடக்கிறவங்களும் சைக்கிளும் வண்டியும் கலந்து போற தெருவுல வேகம் 30க்கு மேல போகக்கூடாதுன்னு 2020ல ஸ்டாக்ஹோம்ல நடந்த சாலைப் பாதுகாப்பு மாநாட்டு பிரகடனமே சொல்லுது. நெதர்லாந்துன்னா பொறக்கும்போதே சைக்கிள்னு நினைக்கிறோம், 1971ல அங்க ரோட்டுல 3,000 பேருக்கு மேல செத்தாங்க, அதுல 400க்கு மேல குழந்தைங்க, பெத்தவங்க தெருவுல இறங்கி போராடினதுக்கு அப்புறம் தான் அந்த ரோடெல்லாம் மாறுச்சு. நம்ம சென்னை மாநகராட்சியும் 2014லயே நடக்கிறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு தனியா ஒரு கொள்கை கொண்டுவந்தது, போக்குவரத்துக்கு ஒதுக்குற காசுல 60 சதவீதம் இதுக்கு போகணும்னு அதுல எழுதியிருக்கு. எழுதினது நல்ல விஷயம், மனசார பாராட்டுறேன், ஆனா மேடவாக்கத்துல இருந்து தரமணி வரைக்கும் நான் ஓட்டுற ரோட்டுல அதை நான் இன்னும் பாக்கல. அரசுப் பள்ளியில பிளஸ் ஒன் படிக்கிற பசங்களுக்கு வருஷா வருஷம் லட்சக்கணக்குல சைக்கிள் கொடுக்கிற மாநிலம் நம்மளது, அந்த புள்ளைங்க அதை எந்த ரோட்டுல ஓட்டும்னும் யோசிக்கணும் இல்ல?

எங்க சித்தி புதுக்கோட்டை பக்கம், 1991ல ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்போ அறிவொளி இயக்கத்துல எழுத படிக்க கத்துக்கொடுத்ததோட சேத்து பொம்பளைங்களுக்கு சைக்கிளும் கத்துக்கொடுத்தாங்களே, அதுல கத்துக்கிட்டவங்க. லேடீஸ் சைக்கிள் கடையில தட்டுப்பாடு வந்தப்போ நிறைய பேர் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினாங்க, நடுவுல பார் இருந்தா புள்ளைய உக்கார வைக்கலாம்னு அதையே விரும்பி எடுத்தவங்களும் உண்டு. தண்ணிக்குடம், நெல்லு மூட்டை, குழந்தை, எல்லாமே அதுல தான் போச்சு. என்னத்தை ஏத்திட்டு எங்க போகப்போறோம்னு பாத்து சைக்கிள் எடுத்தாங்க அவங்க, நீங்களும் அப்படி எடுங்க. அதனால தான் கேரியர் கேரியர்னு இவ்வளவு நேரம் சொல்லிட்டு இருக்கேன்.

வாங்கினதும் திங்கக்கிழமையே ஆபீசுக்கு கிளம்பிடாதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை காலைல போய் வழி பாருங்க, மெயின் ரோட்டுக்கு இணையா உள்தெரு எங்கெல்லாம் இருக்குன்னு பாருங்க, வீட்ல பயப்படுறவங்களையும் பைக்குலயோ கார்லயோ பின்னாடி வரச்சொல்லுங்க, அந்த வழியை அவங்களும் கண்ணால பாத்தா என்ன பயம், எங்க பயம்னு பேசிக்கலாம். போற வழியில வடிகால் மூடியோட கம்பி இடைவெளி சக்கரம் போற திசையிலயே நீளமா இருக்கான்னு பாருங்க, டயர் அதுக்குள்ள இறங்கினா ஆள் தலைகுப்புற விழுவான். அப்படி ஏதாவது இருந்தா ஃபோட்டோ எடுத்து, பக்கத்துல இருக்கிற கதவு எண்ணோட மாநகராட்சி எல்லைக்குள்ளன்னா 1913க்கு ஃபோன் போட்டு புகார் பதிஞ்சு நம்பர் வாங்கிக்கங்க, மேடவாக்கம் பக்கம்னா பஞ்சாயத்து ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க. கம்பியை குறுக்கால திருப்பி போடுறது ஒருநாள் வேலை.